பெட்டியில் வந்த விமானம்

சென்ற ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன் தன் குடும்பத்துடன் நீர்வேலிக்கு வந்திருந்தான். கனடாவிலிருந்து வருபவர்களின் பொதிகளில் என்ன இருக்கும் என்பது யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சொக்லேற்றும் சவர்க்காரமும் விற்றமின் குளிசைகளும் வழக்கம்போல் வந்தன. இம்முறை அவற்றோடு ஒரு மீற்றருக்கு மேல் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றும் வந்திறங்கியது. உள்ளே இருந்தது றிமோற்றினால் இயக்கும் மாதிரி விமானம். மருமகனின் மகனுக்குப் பதினொரு வயது. அவனுடைய பிறந்தநாளுக்கு வாங்கியது. ‘பறப்பதற்கு ஆயத்தமானது’ என்று பெட்டியின் மேல் பெரிய ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

“இதை ஏன் இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தாய்?” என்று மருமகனைக் கேட்டேன். கனடாவில் 2019 முதல் 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானங்களுக்குப் பதிவும் சான்றிதழும் வேண்டுமாம். ஊரில் வயல்வெளி இருக்கிறதே என்று எண்ணினானாம். இங்கும் சட்டம் இருக்கிறது என்பதை அவனுக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்த சில நாட்களிலேயே, ஆளில்லா விமானங்கள் எதனையும் பறக்கவிடக்கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை தடைவிதித்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 17 அன்று பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. எங்கள் வானம் இப்போது மெய்யான விமானங்கள் வந்துபோகும் வானம். ஆகவே, கேட்கவேண்டிய இடங்களில் கேட்டு, சொல்லவேண்டியவர்களிடம் சொல்லி முடிப்பதற்கே ஒரு கிழமை சென்றது. பையன் அந்தக் கிழமை முழுவதும் பெட்டியின் அருகிலேயே உறங்கினான்.

வாசகர்களில் பலருக்கு இந்தப் பொழுதுபோக்கு புதிதாக இருக்கக்கூடும் என்பதால் சிறு விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

மாதிரி விமானம் விடுவது மிகப் பழைய கலை. 1871இல் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர், முறுக்கிய இறப்பர் நாடாவால் இயங்கும் சிறு விமானமொன்றைப் பாரிஸ் நகரத்துப் பூங்காவொன்றில் பறக்கவிட்டார். அது பதினொரு விநாடிகளில் ஏறத்தாழ நாற்பது மீற்றர் சென்றது. அதே பெனோவின் வடிவமைப்பில் வந்த விளையாட்டு ஹெலிகொப்ரர் ஒன்றை 1878இல் அமெரிக்கத் தந்தையொருவர் தம் புதல்வர்களுக்கு வாங்கிவந்தார். பிள்ளைகள் அது உடையும்வரை விளையாடினார்கள்; உடைந்தபின் தாமே ஒன்றைச் செய்துகொண்டார்கள். அவர்கள்தாம் ரைட் சகோதரர்கள்.

நெடுங்காலம் இக்கலை அப்படித்தான் இருந்தது. படத்தை விரித்துவைத்து, பல்சா என்னும் மென்மரத்தை வெட்டி, ஒட்டி, தாளோ பட்டோ போர்த்தி, மாதக்கணக்கில் உழைத்தே ஒரு விமானத்தைச் செய்வார்கள். பிறகு தொழிற்சாலையிலேயே பெரும்பகுதியைச் செய்து அனுப்பும் முறை வந்தது. வாங்குபவர் இறக்கையையும் வாலையும் பூட்டி, மோட்டரையும் பிறவற்றையும் இணைத்துக்கொண்டால் போதும். அதற்கு அடுத்த படியில் றிமோற், பற்றரி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெட்டியில் தந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது இந்தக் கடைசி வகை. பார்வைக்கு றெஜிபோம் போல இருந்தாலும் அதைவிட உறுதியான நுரைப்பொருளால் ஆனது. இறக்கை ஒன்றேகால் மீற்றர். பற்றரியோடு சேர்த்து எடை 900 கிராம்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊரின் கிழக்கே உள்ள வயல்வெளிக்குப் போனோம். ஆவணியில் வயல்கள் வரண்டு கிடக்கும். சோளகக் காற்று பகல் முழுவதும் உரத்து வீசுமென்றாலும் விடியற்புறத்தில் சற்று அடங்கியிருக்கும். மருமகன் றிமோற்றைப் பிடித்தான். உயரமானவன் என்பதால் எறியும் பொறுப்பு எனக்கு. காற்றை எதிர்த்து மட்டமாக எறிந்தேன்.

விமானம் பத்துப் பாகம் சென்றிருக்கும். பாம்பு படமெடுப்பதுபோல் மூக்கைத் தூக்கி நிமிர்ந்தது. மருமகன் பிடியை முன்தள்ளியும் அது தாழவில்லை. ஒரு கணம் வானில் அசையாது நின்றது. பிறகு இடது இறக்கை கவிழ, தலைகீழாக வந்து வயல் வரம்பில் மோதியது. எல்லாமாக ஐந்து விநாடி. பெனோவின் இறப்பர் விமானத்தின் நேரத்தில் பாதிகூட இல்லை.

மோட்டர் அது பூட்டப்பட்டிருந்த பலகையோடு கழன்று தனியே கிடந்தது. பையன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். மருமகன்தான் பொருமினான். “காற்றுத்தான் மாமா காரணம். நான் போய் வேற ஒன்று வாங்கிக் குடுக்கிறன்” என்றான். இருநூறு டொலருக்கு மேற்பட்ட பொருள். அதைக் குப்பைக்குள் போடலாம் என்று தகப்பன் சொன்னதைக் கேட்டபோதுதான் பையனின் முகம் மாறியது.

வீட்டுக்கு வந்தால் அம்மா கிணற்றடியில் நின்றார். எண்பத்துநான்கு வயது. முதல்நாள் மாலை முற்றத்தில் மோட்டரை ஓடவிட்டுப் பார்த்தபோது, அந்த இரைச்சலுக்கு அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளறைக்குப் போனதை நான் கவனித்திருந்தேன். 1990 முதல் 1995 வரை எங்கள் வாழைத்தோட்டத்தில் பதுங்குகுழி இருந்தது. புக்காரா எது, சியாமா செட்டி எது என்று சத்தத்தைக்கொண்டே சொல்லக்கூடிய பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தார்கள். இன்று றிமோற்றைப் பிடித்து நிற்கும் என் மருமகனும் அவர்களில் ஒருவன். 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் ஒன்பது வயதில் என் சைக்கிளின் முன்பாரில் இருந்து தென்மராட்சிக்கு வந்தவன். அவன் தன் மகனுக்கு ஏன் விமானம் வாங்கிக்கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. உடைந்ததை அப்படியே விட்டுவிட்டு அவன் விமானம் ஏறிவிடக்கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

கலைப்பட்டம் பெற்ற பத்திரிகைக்காரனுக்கு விமானப் பொறியியல் எங்கே தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த விமானவியல் முழுவதும் மற்றப் பட்டத்திலிருந்து வந்தது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் ஏறும் இராட்சதப் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தவனின் பட்டப் பித்தைச் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் சிறுவயதில் பழைய பத்திரிகைத் தாளிலும் ஈர்க்கிலும் தொடங்கி, மூங்கிற் சலாகைக்கும் விண் பூட்டிய கொக்குப் பட்டத்துக்கும் வளர்ந்தவர்கள். முச்சை ஒரு விரலளவு பிழைத்தாலும் பட்டம் குத்தும். ஒரு பக்கத்துச் சலாகை பாரமானால் அந்தப் பக்கம் சரியும். பட்டம் குத்தினால் காற்றைக் குறைசொல்பவனை எங்கள் காலத்தில் எவரும் மதித்ததில்லை. நூலைச் சுற்றி இறக்கி, மடியில் வைத்து, எங்கே பிழை என்று பார்ப்பதே முறை.

ஆனால் என் அறிவு முச்சையோடு முடிந்துவிடுகிறது. ஆகையால் உடைந்த விமானத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஒழுங்கை அண்ணையிடம் போனோம். அவர் றேடியோ திருத்துபவர். இப்போது எழுபது கடந்துவிட்டார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு பற்றரிகள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவில் றேடியோக்களைப் பாடவைத்து ஊருக்குச் செய்தி கேட்கக் கொடுத்தவர்.

அண்ணை பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தை மருமகனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மோட்டர்ப் பலகையை அதன் இடத்தில் நூலால் கட்டி, பற்றரியையும் உள்ளே வைத்து, விமானத்தை இறக்கைகளின் கீழ் இரண்டு சுட்டுவிரல்களில் தாங்கிப் பிடித்தார். வால் பொத்தென்று கீழே விழுந்தது.

“தம்பி, வால் இழுக்குது” என்றார்.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். விமானத்தின் மொத்தப் பாரமும் எந்தப் புள்ளியில் சமன்படுகிறதோ அதுவே புவியீர்ப்பு மையம். இந்த வகை விமானங்களில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தின் கால்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையே இருப்பது வழக்கம். எங்கள் விமானத்தின் இறக்கை அகலம் 20 சென்ரிமீற்றர். மையம் ஐந்தரைச் சென்ரிமீற்றரில் இருக்கவேண்டும் என்றது புத்தகம். அண்ணையின் விரல்களில் அது ஏழுக்குச் சற்றுக் குறைவான இடத்தில்தான் சமன்பட்டது. மூக்குப் பாரமான விமானம் மோசமாகப் பறக்கும், வாற்பாரமான விமானம் ஒரே தடவைதான் பறக்கும் என்று இத்துறையினரிடையே ஒரு பேச்சு உண்டு. வால் பாரமானால், தூக்கிய மூக்கு தானாகத் தாழ மனமில்லாமல் மேலும் மேலும் நிமிரும்.

காரணத்தையும் அண்ணையே கண்டுபிடித்தார். பற்றரி அறைக்குள் கையை விட்டவர், பாக்குப் பருமனான பசைக்கட்டி ஒன்றைத் தடவிப்பார்த்தார். தொழிற்சாலையில் சூட்டுப்பசை வழிந்து இறுகியது. அதில் முட்டிக்கொண்டு பற்றரி ஆறு சென்ரிமீற்றர் பின்னாலேயே நின்றுவிட்டது. 180 கிராம் பற்றரி ஆறு சென்ரிமீற்றர் பின்வாங்கினால், 900 கிராம் விமானத்தின் மையம் ஒன்றேகாற் சென்ரிமீற்றர் அளவு பின்வாங்கும். எட்டாம் வகுப்புத் துலாக்கோல் கணக்குத்தான். ஒரு பாக்களவு பசை விமானத்தை விழுத்திவிட்டது.

அது மட்டுமல்ல. பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. றிமோற்றின் பிடி நடுவில் நிற்கும்போது வால் இறக்கையின் அசையும் பகுதியும் மட்டமாக நிற்கவேண்டும். எங்களுடையது மூன்று மில்லிமீற்றர் மேல்நோக்கி நின்றது. அதாவது, எவரும் கேட்காமலே மூக்கைத் தூக்கும்படி விமானத்துக்குக் கட்டளை போய்க்கொண்டிருந்தது. இடது இறக்கையின் நுனி இலேசாக முறுகியிருந்தது. முன்விளிம்பு மேல்நோக்கித் திரும்பிய நுனிதான் வேகம் குறையும்போது முதலில் தூக்குவிசையை இழக்கும். இடப்பக்கம் கவிழ்ந்ததன் காரணம் அது. மோட்டர்ப் பலகை ஒட்டப்பட்டிருந்த இடத்தில் பசை இரண்டு பொட்டுகள் மட்டுமே இருந்தன. எஞ்சிய இடம் வெள்ளையாக, பசையே படாத புதுப்பொருளாக இருந்தது.

தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. பின்தள்ளிய மையத்தோடு மட்டும் என்றால் திறமான ஒருவர் எப்படியாவது தரையிறக்கியிருக்கலாம். முறுகிய நுனியோடு மட்டும் என்றால் சற்றுச் சரிந்தபடி பறந்திருக்கும். எல்லாம் ஒன்றுகூடியதால் ஐந்து விநாடியில் கதை முடிந்தது. உள்ளே கைரோ என்னும் சமநிலைக் கருவியும் இருந்தது. அது காற்றின் குலுக்கலைத் தணிக்குமே தவிர, பாரம் பிழையான இடத்தில் இருப்பதை மாற்றாது.

இப்போது நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். “அண்ணை, இங்கே பாருங்கோ, மோட்டரும் கோணலாகத்தானே இருக்கிறது” என்றேன். உண்மையில் அது வலப்பக்கமும் கீழ்நோக்கியும் இரண்டொரு பாகை சாய்ந்திருந்தது. ஒட்டும்போது பின்னால் ஒரு மட்டையைச் செருகி நேராக்கிவிடலாம் என்று கத்தியை எடுத்துவிட்டேன்.

அண்ணை என் கையைப் பிடித்தார். “பொறும் தம்பி. முதலில கேட்டுப்போட்டுத் திருத்தும்.”

மருமகன் புத்தகத்தைப் புரட்டினான். அந்தச் சாய்வு பிழையல்ல, வேண்டுமென்றே வைத்தது. காற்றாடி சுழலும்போது எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். வேகம் கூடும்போது மூக்கும் மேலே எழும். இரண்டையும் ஈடுசெய்யவே மோட்டரை வலமாகவும் கீழாகவும் சாய்த்துப் பூட்டுகிறார்கள். நான் நேராக்கியிருந்தால், இருந்த பிழைகளோடு இன்னொன்றைச் சேர்த்திருப்பேன்.

அண்ணை அந்தச் சொல்லைச் சும்மா சொல்லவில்லை என்பது அங்கிருந்தவர்களில் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பத்திரிகையின் இரவு மேசையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். ஒரு நள்ளிரவில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வந்தது. கையெழுத்து சீரில்லை. ஒரு பெயருக்கு எதிரே ‘நீராவியடி’ என்று இருந்ததை, நீர்வேலி என்பதைத்தான் எழுதியவர் பிழைவிட்டார் என்று நானே முடிவுசெய்தேன். எனக்குத் தெரிந்த ஊர் என் ஊர்தானே. எவரையும் கேட்காமல் திருத்தினேன். விடிந்ததும் பத்திரிகையைப் பார்த்தவர்கள் அழுதுகொண்டு அண்ணையின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதே பெயர் அவருக்கும். அவருடைய தாயார் கோப்பாயிலிருந்து தலைவிரிகோலமாக நடந்தே வந்தார் என்று பின்னர் அறிந்தேன். மெய்யாகவே இறந்தவரின் உறவினர்கள் நீராவியடியில் பட்டியலைப் பார்த்து, எங்கள் ஆள் இல்லை என்று ஆறுதலடைந்திருப்பார்கள். அதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உறக்கம் வராது. மறுநாள் திருத்தம் போட்டோம், நான்கு வரிகளில்.

அண்ணை அன்று என்னை ஏசவில்லை. “நீர் என்னைச் சாக்காட்டிப்போட்டீர்” என்று சிரித்தார். அதன்பின் இத்தனை ஆண்டுகளிலும் அதைப்பற்றிப் பேசியதும் இல்லை. கத்தி பிடித்த என் கையை அவர் பிடித்தபோதுதான், அவர் மறக்கவில்லை என்று தெரிந்தது.

ஆயத்தமாக வரும் எதனிலும் இரண்டு ஆபத்துகள் உண்டு என்று அன்றிரவு எண்ணிக்கொண்டேன். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி ஒன்றையும் பாராமல் எறிவது ஒன்று. கோணலாகத் தெரிவதையெல்லாம் கேளாமல் நிமிர்த்துவது மற்றது. தொழிற்சாலையில் பசை பூசியவர் அன்றைக்கு எத்தனை நூறு பலகைகளுக்குப் பசை பூசினாரோ. அவர் தம் விமானம் பறப்பதைப் பார்க்கப்போவதில்லை, விழுவதையும் பார்க்கப்போவதில்லை. தானே செய்தவனுக்கு ஒவ்வொரு மூட்டும் கைக்குத் தெரியும். வாங்கியவனுக்கு அது தெரியவேண்டுமானால் ஒவ்வொன்றையும் இழுத்தும் அசைத்தும் பார்த்தே தீரவேண்டும்.

அடுத்த மூன்று நாட்களும் தகப்பனும் மகனும் அண்ணையின் கொட்டிலிலேயே கிடந்தார்கள். பசைக்கட்டியைச் சீவி எடுத்தார்கள். மோட்டர்ப் பலகையின் இரு முகங்களையும் மண்தாளால் உரஞ்சி, அரல்டைற் பூசி, ஒரு நாள் முழுவதும் இறுகவிட்டார்கள். கோணத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே விட்டார்கள். முறுகிய நுனியைக் கொதிநீர் ஊற்றி எதிர்ப்பக்கம் திருகி, ஆறும்வரை பையன் பிடித்துக்கொண்டிருந்தான். அசையும் பகுதி ஒவ்வொன்றையும் பிணைச்சலோடு இழுத்துப் பார்த்தபோது, வலது இறக்கையில் ஒன்று கையோடு வந்தது. வானத்தில் வராமல் கொட்டிலில் வந்தது நல்லது.

புதன்கிழமை காலை மறுபடியும் வயலுக்குப் போனோம். இந்தமுறை அண்ணையும் வந்தார். பையன் ஒரு கடதாசியில் எழுதிவைத்ததை வாசிக்க, மருமகன் செய்துகாட்டினான். விரல்களில் சமன் பார்த்தல். விமானத்தின் பின்னால் நின்று, பிடி வலப்பக்கம் போனால் வலது இறக்கையின் ஓரம் மேலெழுகிறதா என்று பார்த்தல். மூக்கைக் கையால் தாழ்த்தினால் கைரோ வாலின் அசையும் பகுதியை உயர்த்துகிறதா என்று பார்த்தல். அது மறுபக்கம் அசைந்தால் காப்பாற்றவேண்டிய கருவியே கவிழ்த்துவிடும். காற்றாடியில் எழுத்துப் பொறித்த முகம் முன்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தல். முப்பது எட்டு விலகிநின்று றிமோற் எட்டுகிறதா என்று பார்த்தல்.

எறிந்தேன். அது தாழவுமில்லை, படமெடுக்கவுமில்லை. சீராக ஏறி, வயலின் மேலாகப் பெரிய வட்டமடித்தது. இரண்டாவது வட்டத்தில் மருமகன் றிமோற்றை மகனின் கையில் கொடுத்து, பின்னால் நின்று அவன் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்துக்கொண்டான். நான்கு நிமிடம் பறந்தது. இறங்கும்போது ஒட்டுப்புல்லில் தட்டிக் காற்றாடியின் ஒரு முனை முறிந்தது. பெட்டியில் மேலதிகமாக ஒன்று இருந்தது. அந்த அளவில் தயாரித்தவர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்கள் பிள்ளைகளுக்கு இப்படியொன்றை வாங்கினால், பெட்டியைத் திறந்த அன்றே பறக்கவிடாதீர்கள். ஒரு மாலைப்பொழுதைச் சரிபார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலதிக லித்தியம் பற்றரியை விமானத்தின் சரக்குப் பொதியில் ஏற்றமுடியாது, கைப்பையில்தான் கொண்டுபோகவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீடு திரும்பியபோது அம்மா வாசற்படியில் இருந்தார். வயல் அரை மைல் தொலைவுதான். சோளகம் அடங்கிய காலையில் இரைச்சல் கேட்டிருக்கும். இம்முறை உள்ளறைக்குப் போகவில்லைப் போலும். பூட்டனின் கையிலிருந்த விமானத்தை வாங்கி மடியில் வைத்து, இறக்கையை ஒருதரம் தடவினார்.

“இவ்வளவு பாரமில்லாததே அவ்வளவு சத்தம் போட்டது?” என்று கேட்டார்.

அவன் “ஓம் பூட்டி” என்றான்.